நான்கு டெலிபோன் லைனுக்கு எது சரி: கம்ப்யூட்டருக்குள் கார்டா, வெளியே கேட்வேயா, பழையபடி இண்டர்காம் பெட்டியா?

போன சித்திரையில் முதல் கோடை மழை இடியோடு வந்த அன்றைக்கு, அவிநாசிப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியின் இண்டர்காம் பெட்டி கருகிவிட்டது. முதலாளி எனக்கு நெடுநாள் பழக்கம். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, மூணு பேருகிட்ட கொட்டேஷன் வாங்கி வெச்சிருக்கறேன். மூணுலயும் நாலு போர்ட்டுன்னுதான் போட்டிருக்குது. வெலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமா இருக்குது. எதை வாங்கட்டுமுங்க?"

அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். 0421 எண்ணில் நான்கு காப்பர் லைன். ஷெட், ஆபீஸ், செக்கிங், குடோன் எல்லாம் சேர்த்து 22 போன். வரும் அழைப்புகள் பதிவாக வேண்டும். நூல் விஷயத்துக்கு 1, ஜாப் ஒர்க்குக்கு 2 என்று ஒரு குரல் சொல்ல வேண்டும். எண்கள் மாறக் கூடாது, ஏனென்றால் இருபது வருடமாகப் பில் புக்கிலும் அட்டைப் பெட்டியிலும் அச்சாகிக் கொண்டிருப்பவை அவை. இதே கேள்வி ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் சங்ககிரி லாரி ஆபீஸிலும் எனக்கு வந்திருக்கிறது. அதனால் அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த "நாலு போர்ட்" என்ற வார்த்தையைப் பிரிக்க வேண்டும். போர்ட்டில் இரண்டு வகை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனைச் சொருகுவது எஃப்எக்ஸ்ஓ. அது ஒரு டெலிபோன் போல நடந்துகொள்ளும்: ரிங் வந்தால் எடுக்கும், முடிந்தால் வைக்கும். நம்முடைய போனைச் சொருகுவது எஃப்எக்ஸ்எஸ். அது ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச்: 48 வோல்ட் கொடுக்கும், டயல் டோன் கொடுக்கும், மணியடிக்கத் தனியாக உயர்ந்த ஏசி வோல்ட் கொடுக்கும். டிஜியம் கம்பெனியின் கார்டுகளில் எஃப்எக்ஸ்ஓ மாட்யூல் (போர்ட்டுக்கான சின்னப் பலகை) சிவப்பு, எஃப்எக்ஸ்எஸ் மாட்யூல் பச்சை. ஓபன்வாக்ஸ் கம்பெனியும் அதே நிறங்களைத்தான் வைத்திருக்கிறது. முதலாளியின் முதல் கொட்டேஷனில் இருந்தது நான்கு சிவப்பு. இரண்டாவதில் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை. அதாவது அதை வாங்கினால் இரண்டு லைன் வெளியே தொங்கும். எந்தக் கொட்டேஷனிலும் இந்த நிறக் கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள்.

சரி, இனி கார்டு. பிசிஐ ஸ்லாட்டில் கார்டைச் செருகி, லினக்ஸில் ஆஸ்டரிஸ்க் என்ற டெலிபோன் மென்பொருளைப் போட்டால் கம்ப்யூட்டரே எக்ஸ்சேஞ்ச் ஆகிவிடும். மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய வேலை இது. டிஜியம் அவருடைய கம்பெனி. 2018-இல் அதை சங்கோமா வாங்கிக்கொண்டது. கார்டை மென்பொருளோடு பேச வைக்கும் டிரைவர் தொகுப்பின் பெயர் டாஹ்டி. பழைய ஆட்கள் இன்னும் ஜாப்டெல் என்றுதான் சொல்வார்கள்.

கார்டில் எனக்குப் பிடித்த விஷயம் மாட்யூல். டிடிஎம்410 போன்ற நான்கு போர்ட் கார்டில் ஒவ்வொரு போர்ட்டும் தனித்தனிச் சின்னப் பலகை. மூன்றாவது லைனில் இடி இறங்கினால் மூன்றாவதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றைச் செருகலாம். எட்டுப் போர்ட் டிடிஎம்800-இல் ஒரு மாட்யூலே நான்கு போர்ட். ஒன்று போனால் நான்கும் போன மாதிரி. கோவை, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரத்தில் சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் விழும் இடியைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

பிடிக்காதது, அது உட்கார்ந்திருக்கும் இடம். லைன் நேராகக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் போகிறது. போர்ட்டில் மின் தனிமைப்படுத்தல் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பெரிய இடி வந்தால் கார்டு, மதர்போர்டு, பதிவுகள் இருக்கும் டிஸ்க் எல்லாம் ஒரே பாதையில் வரிசையாக நிற்கின்றன. இன்னொன்று பஞ்சு. நிட்டிங் ஷெட்டை ஒட்டிய அறையில் ஆறு மாதம் ஓடிய ஒரு கம்ப்யூட்டரைத் திறந்தேன். சிபியு மேல் இருந்த ஃபேன் தெரியவே இல்லை. வெள்ளைப் போர்வை போல நூல் தூசி மூடியிருந்தது. கார்டின் விளிம்பில் கூட விரலால் சுருட்டி எடுக்கும் அளவுக்குப் பஞ்சு. அந்தக் கம்ப்யூட்டர் மதியம் மூன்று மணிக்கு மேல் தானாக அணைவதற்குக் காரணம் தேடி இரண்டு நாள் அலைந்திருந்தார்கள்.

ஸ்லாட்டையும் பாருங்கள். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மதர்போர்டுகளில் பெரும்பாலானவற்றில் பழைய பிசிஐ ஸ்லாட்டே கிடையாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு வேண்டும். டிஜியத்தில் அது ஏஇஎக்ஸ்410. செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும் டிடிஎம்400பி-க்கு மயங்காதீர்கள். அதில் எக்கோவை அடக்கும் வன்பொருளைச் சேர்க்க இடமில்லை. டாஹ்டியின் 3-ஆம் பதிப்பிலிருந்து அதற்கான டிரைவரையும் எடுத்துவிட்டார்கள். பச்சை மாட்யூல் போட்டால் பவர் சப்ளையிலிருந்து பழைய நான்கு பின் 12 வோல்ட் கனெக்டரைக் கார்டில் குத்த வேண்டும். புதிய பவர் சப்ளைகளில் அந்த வால் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். குத்த மறந்தால் மாட்யூல் எழுந்திருக்காது. சிவப்பு மட்டும் என்றால் அது தேவையில்லை.

அப்புறம் குறுக்கீடு. இந்தக் கார்டு ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் ஒரு முறை, அதாவது விநாடிக்கு 1000 முறை, சிபியுவைத் தட்டி எழுப்பும். குரல் விநாடிக்கு 8000 துண்டாக வருகிறது. தட்டலுக்கு எட்டுத் துண்டு. கம்ப்யூட்டர் வேறு வேலையில் ஒரு கணம் அசந்தால் அந்த எட்டுத் துண்டு போயிற்று, காதில் டப் என்று ஒரு சத்தம். ஆகவே அதே கம்ப்யூட்டரில் டேலி போடுவது, கேமராப் பதிவு வைப்பது எல்லாம் கூடாது. இதைச் சொன்னால் பலருக்கு மனம் வராது. ஒரு கம்ப்யூட்டர் சும்மா நிற்பதாக நினைக்கிறார்கள்.

இப்போது எக்கோ. கார்டா கேட்வேயா என்ற முடிவில் பாதி இதில்தான் இருக்கிறது. டெலிபோன் லைன் இரண்டே கம்பி. போகிற குரலும் வருகிற குரலும் அதே ஜோடியில்தான். பெட்டிக்குள் இரண்டையும் பிரிக்கும் இடத்தில் லைனின் மின்மறுப்பும் (குரல் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) போர்ட்டின் மின்மறுப்பும் பொருந்தாவிட்டால், நம் குரலில் கொஞ்சம் திரும்பி வரும். பழைய இண்டர்காம் பெட்டியிலும் அது திரும்பத்தான் செய்தது. தாமதம் இல்லாததால் காது அதைப் பொருட்படுத்தவில்லை. நெட்வொர்க் ஒயரில் ஓடும் ஐபி போன் நடுவில் வந்ததும் குரல் 20 மில்லி விநாடிப் பொட்டலமாகக் கட்டப்படுகிறது, மறுமுனையில் காத்திருந்து பிரிக்கப்படுகிறது. அந்தத் தாமதத்தோடு திரும்பினால் கிணற்றுக்குள் பேசுவது மாதிரி ஆகிவிடும்.

கார்டில் இதற்கு இரண்டு வழி. ஒன்று, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கழிப்பது. பழைய அமைப்பில் 128 துண்டு, அதாவது 16 மில்லி விநாடி வரைக்கும் வரும் எக்கோவைத்தான் அது பார்க்கும். இன்னொன்று, கார்டின் மேலேயே தனி எக்கோ மாட்யூல். டிடிஎம்410-க்கும் ஏஇஎக்ஸ்410-க்கும் அது 128 மில்லி விநாடி வரைக்கும் பார்க்கும், சிபியுவைத் தொந்தரவு செய்யாது. கார்டு வாங்குவதாக இருந்தால் அந்த மாட்யூல் இல்லாமல் வாங்காதீர்கள். நான் எந்த இடத்திலும் இதில் விட்டுக்கொடுத்ததில்லை. அதற்கு முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது: டிரைவரில் ஆப்பர்மோட் என்ற இடத்தில் இந்தியா என்று கொடுத்து, பின் எஃப்எக்ஸ்ஓடியூன் என்ற கருவியை ஒவ்வொரு லைனிலும் ஒரு முறை ஓட்டுவது. ராத்திரி, அழைப்பு இல்லாத நேரத்தில் ஓட்ட வேண்டும். பாதி எக்கோ அதிலேயே அடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்வே என்பது அதே சிவப்புப் போர்ட்டுகளைத் தனிப் பெட்டியில் வைத்து, மறுபக்கம் ஒரு நெட்வொர்க் ஒயரைக் கொடுப்பது. கிராண்ட்ஸ்ட்ரீமின் ஜிஎக்ஸ்டபிள்யூ4104-இல் நான்கு எஃப்எக்ஸ்ஓ, 4108-இல் எட்டு. எக்கோ அடக்குவது உள்ளேயே இருக்கிறது. ஸ்லாட் கவலை இல்லை, டிரைவர் கவலை இல்லை, லினக்ஸ் கெர்னல் மாறினால் உடைந்து போகாது. பெட்டியைச் சுவரில் மாட்டலாம். இடி விழுந்தால் போவது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான். பதிவுகள் வேறு அறையில் இருக்கும். குறை என்னவென்றால் ஒரு போர்ட் எரிந்தால் மாற்றுவதற்கு மாட்யூல் கிடையாது. நான்கில் மூன்றோடு ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழுப் பெட்டியும் புதிது. இன்னும் ஃபேக்ஸ் வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகம் போன்ற இடத்தில் கார்டுதான் மேல். லைனும் ஃபேக்ஸ் மெஷினும் ஒரே கார்டில் இருந்தால் குரல் பொட்டலமாகாமல், ஒரே கடிகாரத்தில் நேராகப் போகும். கேட்வே வழியில் பக்கம் பாதியில் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

இரண்டிலும் பொதுவான, எந்தக் கொட்டேஷனும் பேசாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மறுமுனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டார் என்பது நம் பெட்டிக்கு எப்படித் தெரியும்? மனிதன் காதில் பிஸி டோனைக் கேட்டு வைத்துவிடுவான். பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தால்தான் தெரியும்.

ஒரு இடத்தில் வேறொருவர் அமைத்துக் கொடுத்த கார்டு. திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கூப்பிட்டார்கள், நான்கு லைனும் பிஸி, யாரும் உள்ளே வர முடியவில்லை என்று. போய்ப் பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு லைனிலும் சனிக்கிழமை சாயங்காலம் யாரோ கூப்பிட்டு, குரலைக் கேட்டுவிட்டு வைத்திருக்கிறார். அதற்கு மேல் முழுக்கப் பிஸி டோன். முக்கால் விநாடி சத்தம், முக்கால் விநாடி அமைதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. அமெரிக்க டோனுக்கு அமைத்த பெட்டி அதைப் பிஸி டோன் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 750 மில்லி விநாடி இருக்கும், 750 இருக்காது. ஆஸ்டரிஸ்கில் பிஸி பேட்டர்ன் என்ற இடத்தில் 750,750 என்று எழுதினால் முடிந்தது. கேட்வேயில் வலைப்பக்கத்தில் கொடுக்க வேண்டும். சில பெட்டிகள் மில்லி விநாடியில் கேட்கும், சிலவற்றில் 10 மில்லி விநாடிக் கணக்கு, அங்கே 75/75. எத்தனை முறை கேட்டால் துண்டிப்பது என்பதை மூன்று என்று வைக்காதீர்கள். பேச்சையே பிஸி டோன் என்று எண்ணி நடுவில் வெட்டிவிடும். நான் ஆறு வைப்பேன்.

இதைவிட நல்ல வழி போலாரிட்டி மாற்றம். அழைப்பை எடுத்ததும், வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் இரண்டு கம்பியின் பிளஸ் மைனஸை மாற்றும். எஸ்டிடி பூத் காலத்தில் பல பூத்களில் மீட்டர் ஓடத் தொடங்கியது அதை வைத்துத்தான். எல்லா லைனிலும் இது திறந்திருக்காது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து லைனில் தொட்டுக்கொண்டு, உங்கள் மொபைலுக்கு ஒரு அழைப்பு போட்டு எடுத்துப் பாருங்கள். மைனஸ் அடையாளம் புரண்டால் இருக்கிறது. கார்டோ கேட்வேயோ வாங்கும் முன் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

யார் கூப்பிடுகிறார்கள் என்ற எண்ணும் இதோடு சேர்ந்தது. அமெரிக்க முறையில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் மோடம் மாதிரி ஒரு சத்தத்தில் எண் வரும். நம் காப்பர் லைன்களில் வழக்கமாகப் பொத்தான் அழுத்தும் அதே டிடிஎம்எஃப் டோனில், ரிங்குக்கு முன்பே வந்துவிடும். பெட்டி விழிக்கும் முன் எண் கடந்து போய்விடும். ஆஸ்டரிஸ்கில் இதற்காகவே போலாரிட்டி ஐஎன் என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். அந்த ஐஎன் இந்தியாதான். கேட்வேயில் டிடிஎம்எஃப் முறை இருக்கிறதா என்று வாங்குமுன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது கொட்டேஷன் புது இண்டர்காம் பெட்டி. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 போன்ற பெட்டி மூன்று லைன், எட்டு எக்ஸ்டென்ஷனில் தொடங்கி எட்டு லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை வளரும். பல வருடம் யாரும் தொடாமல் ஓடும். கரண்ட் போனால் முதல் லைனை நேராக ஒரு போனுக்குத் திருப்பிவிடும் வசதி இந்தப் பெட்டிகளில் உண்டு. கார்டு, சாதாரணக் கேட்வே எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. அழைப்பு மாற்றுவது, எக்ஸ்டென்ஷனுக்குள் பேசுவது மட்டும் போதும் என்றால் இதை வாங்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். நம் முதலாளிக்குப் பதிவு வேண்டும், குரல் வழிகாட்டி வேண்டும், அவர் மொபைலில் எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் தனித்தனிக் கார்டு சேர்த்துக்கொண்டே போனால் விலை கேட்வேயைத் தாண்டிவிடுகிறது.

ஆனால் பழைய பெட்டியோடு இருந்த ஒரு நல்ல விஷயத்தை நாங்கள் விடவில்லை, அது ஒயரிங். எல்லாருக்கும் ஐபி போன் வைக்கலாம் என்று முதல் கொட்டேஷன்காரர் சொல்லியிருந்தார். நெட்வொர்க் ஒயர் 100 மீட்டருக்கு மேல் போகாது. நடுவில் சுவிட்ச் வேண்டும், சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும், அங்கேயும் பஞ்சு. குடோன் 300 மீட்டர் தள்ளி. ஏற்கனவே போட்டிருந்த 0.5 மில்லிமீட்டர் டெலிபோன் ஒயர் போய்த் திரும்பக் கிலோமீட்டருக்கு 175 ஓம்தான். 300 மீட்டருக்கு 50 ஓம் சொச்சம். ஒரு எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டுக்கு அது பொருட்டே இல்லை. ஆக, பழைய டேக் பிளாக்கில் (ஒயர்கள் வந்து முடியும் பலகை) நிற்கும் ஒயர்களை அப்படியே 24 எஃப்எக்ஸ்எஸ் உள்ள ஒரு கேட்வேயில் கட்டினால் 22 போனும் பழைய போனாகவே உயிரோடு இருக்கும். ஷெட்டில் மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கும் அந்தப் பழைய மணிப் போன்களை மாற்ற மேஸ்திரிகளுக்கும் விருப்பம் இல்லை. ஒரே போர்ட்டில் மூன்று நான்கு மணிப் போனைப் பாரலல் போடாமல் இருந்தால் சரி, போர்ட் கொடுக்கும் மணி வோல்ட் தாங்காது.

ஃபைபர் பற்றியும் கேட்டார். காப்பர் லைனை ஃபைபருக்கு மாற்றிக்கொடுப்பது ஊர் ஊராக நடக்கிறது. மாறிவிட்டால் உங்கள் எண் வீட்டுச் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியின் போன் போர்ட்டில் வரும். இரண்டு மீட்டர் ஒயர்தான், இடி பயம் பெரிதும் குறையும், எக்கோவும் குறையும். ஆனால் கரண்ட் போனால் டோன் போகும், அதற்கும் யுபிஎஸ் வேண்டும். போலாரிட்டி மாற்றம், எண் வரும் முறை எல்லாம் அந்தப் பெட்டியின் அமைப்பைப் பொறுத்தது, மறுபடி சோதிக்க வேண்டும். நன்றாக யோசித்தால், டிஜிட்டலாக வரும் குரலை அனலாக் ஆக்கி, அதைக் கார்டில் மறுபடி டிஜிட்டல் ஆக்குவது வீண் வேலை. ஆபரேட்டர் அதே எண்ணில் சிப் டிரங்க் (நெட்வொர்க் வழியாகவே வரும் டெலிபோன் லைன்) தருவதாக இருந்தால் சிவப்புப் போர்ட்டே தேவையில்லை. எண் மாறாது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு மாறுங்கள். சென்னைக் கிளையிலிருந்து இணையம் வழியாக வந்து திருப்பூர் லைனில் வெளியே பேசுவது போன்ற ஏற்பாடு தொலைத்தொடர்புத் துறை விதிகளுக்குள் வருவது. அதையும் ஆபரேட்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

நாங்கள் எடுத்த முடிவு இது. நான்கு எஃப்எக்ஸ்ஓ கேட்வே ஒன்று, 24 எஃப்எக்ஸ்எஸ் கேட்வே ஒன்று, ஆஸ்டரிஸ்க் ஓட ஃபேன் இல்லாத சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று. மூன்றையும் ஒரு யுபிஎஸ்ஸில் போட்டோம். வாட்ச்மேன் அறையில் முதல் லைனுக்கு ஒரு கைச் சுவிட்ச், கரண்ட் அடியோடு போனால் நேராகப் பேச. கார்டை நான் விட்டதற்கு அந்த இடத்தின் பஞ்சும் இடியும் காரணம். ஈரோட்டில் ஏசி அறையும் லினக்ஸ் தெரிந்த பையனும் இருந்த ஒரு மண்டி ஆபீஸுக்கு எக்கோ மாட்யூலோடு கார்டையே போட்டேன். அது நன்றாக ஓடுகிறது.

பணத்தில் கொஞ்சம் மிச்சமானதை எர்த்துக்குச் செலவழிக்கச் சொன்னேன். லைன் உள்ளே நுழையும் இடத்தில் ஒயர்களைப் பொருத்தும் க்ரோன் மாட்யூலும், ஒவ்வொரு ஜோடிக்கும் கேஸ் டியூப் பாதுகாப்பும் வைத்தோம். அவை இடியைத் தள்ளிவிட ஒரு நல்ல எர்த் இருந்தால்தான் பயன். பழைய எர்த் குழியைப் போய்ப் பார்த்தேன். மேலே பலகைக் கல், கீழே ஈரமே இல்லாத செம்மண். பங்குனி வெயிலில் காய்ந்து கிடக்கும்போதுதான் சித்திரை இடி வருகிறது. புதுக் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு, மேலே ஒரு பைப்பை நிறுத்தி வைத்தோம். "வாரம் ரெண்டு குடம் ஊத்திருங்க" என்று முதலாளி வாட்ச்மேனிடம் சொன்னார். ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தபோது நான்கு லைனிலும் டோன் இருந்தது. குழியைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது.